சாவி விழுந்த சேறு

இந்த மாதிரி நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகத் தலை நரைத்திருக்கும். எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது. ஆனாலும் ஆற்றுச் சேற்றை அள்ளிவந்து அதில் என்னென்ன உலோகம் படிந்திருக்கிறது என்று பார்க்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆய்வுத் திட்டம் முடிந்தது, என் ஒப்பந்தமும் முடிந்தது. இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன மாதம் திண்டுக்கல்லில் பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரு கருவியைக் காட்டினார்கள். சுவரில் துளை போடும் டிரில் மாதிரி இருந்தது. சேற்றின் மேல் வைத்து அழுத்தினால் குரோமியம் இவ்வளவு, செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று திரையில் வந்துவிடுகிறது.

"அண்ணே, இதுக்குப் போயி நீங்க வாரக்கணக்கா அமிலத்துல வேக வச்சீங்களாமே?" என்று ஒரு பெண் கேட்டாள். பாதி கிண்டல், பாதி நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை. அந்தப் பாதி ஆசைக்காக எழுதுகிறேன்.

நான் சின்னாளபட்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க்காரன். அப்பாவும் அம்மாவும் பூத்தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். முதுகலை முடித்து இந்த வேலை கிடைத்த அன்று அம்மா, "என்ன வேலைப்பு?" என்று கேட்டார். சொன்னேன். "சேறு அள்ளவா இம்புட்டுப் படிச்ச? அதை நாங்க படிக்காமயே அள்ளுனோமே!" என்றார். முதல் வருடம் அதைக்கூட எனக்குத் தரவில்லை. புட்டி கழுவினேன். சோப்பில் ஒரு முறை, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து ஒரு முறை, காய்ச்சி வடித்த தண்ணீரில் பல முறை. கழுவிய புட்டியை வெறும் கையால் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

என் மேலதிகாரி நூர்ஜஹான் மேடம். பேகம்பூர்க்காரர். "எங்க அத்தா தோல் வித்துத்தான் என்னைய குரோமியம் படிக்க வச்சாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தோல் பதனிடக் குரோமிய உப்பு பயன்படுகிறது. அதன் மிச்சம் தண்ணீரோடு போய் ஆற்று வண்டலில் தங்குகிறது. அதைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. அவர் வீட்டு விசேஷங்களில் தோல் வியாபாரம் செய்யும் உறவினர்கள் அவரிடம் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. கேட்க மட்டும் தைரியம் வந்ததில்லை.

அவர் கத்தமாட்டார், திட்டமாட்டார். ஆற்றில் இறங்குமுன் எல்லாரும் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாம் கழன்றாக வேண்டும். என் இடுப்பில் வெள்ளி அரைஞாண் கிடந்தது.

"இது சேத்துல படாது மேடம்" என்றேன்.

"வழுக்கி விழுந்தா?"

"விழமாட்டேன் மேடம்."

"விழமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எறங்கு."

கழற்றிவிட்டேன். அன்றைக்கே விழவும் செய்தேன். அவர் கரையில் நின்றபடி, "சாம்பிள் கொட்டலையே?" என்று மட்டும் கேட்டார்.

சேற்றைப் பிளாஸ்டிக் கரண்டியால்தான் எடுப்போம். மேலாக இரண்டு விரல் கனம் மட்டும். அதுதான் சமீபத்தில் படிந்தது. அதற்குக் கீழே போகப் போகப் பழைய வருடங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, மெல்லிய சூட்டில் உலர்த்தி, கல் குழவியால் கட்டிகளை உடைத்து, நைலான் சல்லடையில் சலிப்போம். கடையில் கிடைக்கும் பித்தளைச் சல்லடை ஆகாது. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். நாம் தேடுவதை நாமே கொட்டின கதையாகிவிடும். சல்லடைக்குக் கீழே விழும் மாவு மாதிரியான தூளைத்தான் அமிலத்தில் கரைப்போம். உலோகங்கள் பெரிய மணலில் ஒட்டுவதில்லை, இந்த மாவில்தான் ஒட்டும். கரைத்த திரவத்தைச் சுடரில் ஊதினால் எந்த உலோகம் எவ்வளவு என்று கருவி சொல்லும். இவ்வளவுக்கும் பக்கத்திலேயே சேறு எதுவும் போடாத ஒரு புட்டி வெறும் அமிலமும் அதே அடுப்பு, அதே வடிகட்டி என்று எல்லா இடத்துக்கும் கூடவே வரும். ஒன்றும் இல்லாததில் ஏதாவது தெரிந்தால் தப்பு நம்முடையது. ஒன்றுமில்லாததையும் அளக்க வேண்டும் என்பது இந்த வேலையில் எனக்கு முதல் ஆச்சரியம்.

இரண்டாவது ஆச்சரியம் புழு. "இருக்குங்கிறது வேற, கெடுக்குதுங்கிறது வேற" என்பார் மேடம். சேற்றில் குரோமியம் நிறைய இருந்தாலும் அது களிமண்ணோடு இறுகிப் பிடித்திருந்தால் எந்த உயிருக்கும் போய்ச் சேராது. கொஞ்சமே இருந்தாலும் தண்ணீரில் கசிகிற வடிவில் இருந்தால் கொல்லும். அதை அறிய, சேற்றைக் கண்ணாடிச் சாடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ரத்தப்புழுக்களை விடுவோம். குளத்துச் சேற்றில் சிவப்பு நூல் மாதிரி நெளியுமே, மீன் குஞ்சுகள் விரும்பித் தின்னும், அதே புழுதான். பத்து நாள் கழித்துச் சேற்றை அலசி எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பார்ப்போம். அதுவரை மேடம் வாயிலிருந்து 'விஷம்' என்ற சொல் வராது.

ஆனால் ஊருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அந்தப் பாடத்தை ஒரு தடுப்பணை கற்றுக்கொடுத்தது.

திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு சிற்றாற்றின் குறுக்கே கட்டிய அணை அது. ஊர் பெயர் வேண்டாம். மழை முடிந்த பின்னும் சில மாதம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் மீன் விட்டு வளர்க்கும் குத்தகை தங்கமாரி என்ற அக்காவிடம் இருந்தது. மேற்குக் கரையில் ஒரு காவல்சாமி. கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். பூட்டு செய்கிற ஊருக்குப் பக்கம், நேர்த்திக்கடனும் பூட்டுதான். வம்பு பேசுகிறவன் வாய்க்கு ஒரு பூட்டு, வழக்குக்கு ஒரு பூட்டு, ஓடிப்போகும் பிள்ளையின் காலுக்கு ஒரு பூட்டு.

நாங்கள் கையுறை, முகமூடி, ஐஸ் பெட்டியோடு இறங்கி ஐந்து இடங்களில் சேறு எடுத்தோம். மறுவாரம் தங்கமாரி அக்கா போன் செய்தார்.

"தம்பி, என்னதான் பாத்தீங்க? மீனுல வெசம்னு ஊரெல்லாம் பேசுது. எவனும் முன்பணம் தரமாட்டேங்குறான்."

"அக்கா, இன்னும் நாங்க ஒண்ணுமே பாக்கலையே."

"பாக்காமத்தான் ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்றவுக மாதிரி வந்து நின்னீங்களா? கோடை வந்தா தண்ணி வத்தும். அதுக்குள்ள மீனைப் புடிச்சு வித்தாகணும். இல்லாட்டி அம்புட்டும் சேத்துல கெடந்து சாகும். வித்தாத்தான் அடுத்த வருசக் குத்தகை எனக்கு. தின்னலாமா கூடாதா? ஒத்தச் சொல்லு சொல்லுங்க."

மேடத்திடம் ஓடினேன். "'தெரியல'ன்னு சொல்லு. அதுதான் நெசம். ஆனா சீக்கிரம் தெரிஞ்சுக்குவோம்னும் சொல்லு" என்றார். வரிசையில் காத்திருந்த மற்ற சாம்பிள்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை முன்னால் எடுத்தார்.

குரோமியம் இருந்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஐந்தாவது இடம், காவல்சாமி இருக்கும் மேற்குக் கரை. செம்பும் துத்தநாகமும் மற்ற நாலு இடங்களைவிடப் பல மடங்கு ஏறி நின்றன.

மேடம் என் கையைப் பார்த்தார். "எந்தச் சல்லடை?"

"நைலான்தான் மேடம்."

"திரும்பச் செய்."

அதே புட்டிச் சேற்றில் திரும்பச் செய்தேன். பாதிக்குப் பாதி குறைந்தது. மூன்றாம் முறை மறுபடி ஏறியது. வெறும் அமிலப் புட்டி மூன்று முறையும் சுத்தமாக இருந்தது. என் வேலை போச்சு என்று நினைத்தேன். மேடத்தின் முகத்திலோ பெருநாள் களை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரே புட்டி, மூணு பதில். அப்ப என்ன அர்த்தம் செல்வம்?"

"நான் சரியாக் கலக்கலையோ..."

"நீ நல்லாத்தான் கலக்குன. கலக்க முடியாத ஏதோ உள்ள இருக்கு. துணுக்குத் துணுக்கா. ஒரு தடவை நெறைய மாட்டுது, ஒரு தடவை கம்மியா மாட்டுது. சல்லடைக்கு மேல நின்ன கசடு எங்க?"

வழக்கமாக அதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். நல்லவேளை, அந்தப் பொட்டலம் இன்னும் குப்பைக்குப் போகவில்லை. வெள்ளைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பிளாஸ்டிக் இடுக்கியால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மணல், கிளிஞ்சல், சருகு நரம்பு. அப்புறம் பச்சைப் பச்சையாகச் செதில்கள். பாசிப் பச்சை இல்லை, விளக்கேற்றாத குத்துவிளக்கில் களிம்பு ஏறுமே, அந்தப் பச்சை. கடைசியாக நகக்கண் அளவில் ஒரு துண்டு வந்தது. ஒரு பக்கம் ரம்பம் மாதிரி பல். அரித்து அரித்துத் தாள் மாதிரி மெலிந்திருந்தது.

"சாவி!" என்று கத்திவிட்டேன்.

புதிய கருவியைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு இந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி எனக்கு வாரக்கணக்கை மிச்சம் பண்ணியிருக்கும், சந்தேகமில்லை. செம்பு இருக்கிறது என்று ஆற்றங்கரையிலேயே சொல்லியிருக்கும். மூன்று முறை மாறி மாறி வந்து எங்களைக் கசடுக்குத் திருப்பியது இந்த மெதுவான வேலைதான். வேகமாகப் பாருங்கள். எண் இடத்துக்கு இடம் துள்ளினால் மட்டும் கருவியை நிறுத்திவிட்டுக் கையால் துழாவுங்கள்.

மறுநாளே போனோம். இந்த முறை முகமூடி இல்லாமல். பூட்டைச் சாமிக்கு மாட்டுவது எனக்குத் தெரியும். சாவி என்னவாகும் என்று நான் யோசித்ததே இல்லை. தங்கமாரி அக்காவிடம் கேட்டேன்.

"சாவியா? பூட்டிட்டு திரும்பிப் பாக்காம தோளுக்கு மேல ஆத்துல எறிஞ்சிரணும். எங்க மாமனார் காலத்துக்கு முந்தியே உள்ள வழக்கம். அதுக்கென்ன இப்ப?"

எத்தனை வருடச் சாவிகள்! அந்தக் காலத்தில் முக்கால்வாசி பித்தளைச் சாவி. ஒரே கரை, ஒரே எறிதூரம். அணை கட்டிய பிறகு வெள்ளம் அடித்துக்கொண்டு போவதும் நின்றுவிட்டது. நான் அக்காவிடம் அந்தக் கரையில் நத்தை பார்த்ததுண்டா என்று கேட்டேன். செம்பு நத்தைக்கு ஆகாது. மற்ற கரைகளில் கல்லைப் புரட்டினால் நத்தை இருக்கும். அக்கா யோசித்துவிட்டு, "இல்லையேப்பா. சாமி சுத்தமா வச்சிருக்குன்னுல நெனச்சோம்" என்றார்.

மீன்களையும் கொண்டுவந்தோம். கெண்டையும் ஜிலேபியும். சதையைத் தனியாக, ஈரலைத் தனியாக, குடலைத் தனியாக அறுத்துப் பார்த்தோம். புழுச் சாடிகளையும் வைத்தோம். அந்தப் பத்து நாளும் தங்கமாரி அக்கா தினமும் போன் செய்தார். மேடம் ஒரு நாளும் எரிச்சல்படவில்லை. ஒரு நாளும் ஆறுதலும் சொல்லவில்லை. "தெரியல தங்கமாரி. நாளைக்கிக் கூப்புடு."

கடைசியில் தெரிந்தது இதுதான். மீன் சதை நன்றாக இருந்தது. ஈரலிலும் குடலிலும் செம்பு ஏறியிருந்தது. நாலு சாடிகளில் புழுக்கள் நெளிந்தன. சாமிக் கரைச் சாடியில் ஒன்றுகூட இல்லை. இந்த வருட மீனுக்கு ஆபத்தில்லை. அடுத்த வருடம்தான் பயம். தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும் வரை அந்தச் சேறு செம்பைப் பிடித்துவைத்திருக்கும். கோடையில் காய்ந்து வெடித்துக் காற்று உள்ளே போனால் பிடி தளரும். முதல் மழை வெள்ளத்தில் அது அணை முழுக்கப் பரவும். புதிதாக விடும் குஞ்சுகளுக்குத் தீனியும் இருக்காது, அவையே தாங்குமா என்பதும் தெரியாது. ஆகவே தண்ணீர் விலகி அந்தக் கரை வெளியே தெரிந்ததும், சேறு காய்வதற்குள் அந்த ஒரு திட்டை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும். மேடம் அலைந்து திரிந்து அதற்கு அனுமதி வாங்கி, கழிவுக் கிடங்கில் கொட்ட ஏற்பாடும் செய்துவிட்டார்.

தண்ணீர் விலகி அந்தத் திட்டு தெரிந்த அன்று கரையில் ஊர் கூடியது. மேடம் எழுந்து சொன்னார்: "மீன் சதையைச் சாப்பிடலாம். ஈரலையும் குடலையும் சாப்பிடக் கூடாது. சாமிக் கரைப்பக்கம் வலை போடக் கூடாது. அந்தச் சேத்தை வயலுக்கு அள்ளக் கூடாது."

"நல்ல மீனுன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போங்களேன் டாக்டரம்மா. கூடாது கூடாதுன்னு மூணு தடவ சொன்னா எவன் வாங்குவான்?" என்றார் தங்கமாரி அக்கா. அழுகை வரும் குரல்.

"அந்த ஒத்த வார்த்தை பொய்யாயிரும்மா."

அப்புறம் சேற்றை வெட்டும் பேச்சு வந்தது. பூசாரி எழுந்தார். சண்டைக்காரர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"மண்ணை வெட்டுங்க, வேணாங்கல. ஆனா சாவி மேல வந்தா பூட்டுன கட்டு அவுந்துரும். இங்க இருக்குற எல்லாருக்கும் உள்ள ஒரு சாவி கெடக்கு. யாரு கட்டு அவுறணும்னு நீங்களே சொல்லுங்க."

ஒவ்வொருவரும் தண்ணீரைப் பார்த்தார்கள். விஷம் என்றதும் மீனைக் கைவிட்ட ஊர், சாவி என்றதும் மண்வெட்டியைக் கீழே வைத்தது. மேடம் கையிலிருந்த தாளை மடித்து வைத்தார். இது அளந்து சொல்லும் விஷயம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

தங்கமாரி அக்காதான் முதலில் பேசினார். "எனக்கும் ஒண்ணு கெடக்கு" என்றார். "வெட்டாட்டி மீனு போகும். வெட்டுனா என் வீடு போகும். நான் என்னத்தச் செய்ய?"

"உனக்கென்ன சாவி?" என்றார் அவர் புருஷன் கருப்பையா. வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவர்.

பின்னால் இருந்து ஒரு பெண், "உன் குடியைத்தான் மதினி பூட்டிப் போட்டுச்சு. ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

கருப்பையா எழுந்து நின்றார். "ஏய்! நாந்தானே விட்டேன்? வயித்து வலி தாங்காம, நாக்கு நடுங்க நடுங்க, ஒரு மாசம் தூங்காமக் கெடந்து நான் விட்டேன். அதைப் பூட்டு விட்டுச்சுங்கிறியா?"

"கோவப்படாத. நேரம் ஒத்து வந்துச்சு, நானும் சாமின்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

"நான் பட்ட பாட்டைச் சாமி கணக்குல எழுதிட்டியேடி!"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, யாரோ கீழே வைத்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் கையுறையோடு பின்னாலேயே ஓடினேன். அதை மட்டும் போட்டுக்கொண்டார். முதல் வெட்டிலேயே இரண்டு மூன்று சாவி வந்தது. பச்சைக் களிம்பேறியவை, துருவேறியவை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரைக்குக் காட்டினார்.

"இதா? இதா என் குடி? எதுன்னு பாத்துச் சொல்லு!"

அக்கா கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "போதும், ஏறி வா, நீதான் விட்ட, நீதான் விட்ட" என்று சொல்லிக்கொண்டே தானும் இறங்கி, சேறு கட்ட வைத்திருந்த சாக்கின் வாயைப் பிடித்தார்.

பூசாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை அழைத்து, "தம்பி, சாவிக்குத் தண்ணிதான் வேணும். ஆறுதான் வேணும்னு சாமி சொல்லல. ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் கெடைக்குமா?" என்றார். கிடைத்தது. சாமிக்குப் பின்பக்கம் வைத்துத் தண்ணீர் நிரப்பி, வெட்டி எடுத்த சேற்றில் வந்த சாவிகளைக் கழுவி அதில் போட்டார். இனிமேல் எறிவதும் அதில்தான், தோளுக்கு மேலேதான். கட்டு அவிழவில்லை என்று பூசாரியே சொன்ன பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். சேறு மூட்டை மூட்டையாக, தார்ப்பாய் விரித்த டிராக்டரில் ஏறியது. மாலைக்குள் அந்தத் திட்டு காலியானது.

அந்த வாரக் கடைசியில் வலை போட்டார்கள். அதிகாலையில் நானும் போயிருந்தேன். மீன் குவியலாகக் கிடந்தது, ஆனால் வாங்க வந்தவர்கள் தள்ளியே நின்றார்கள். டவுனிலிருந்து டி.வி.எஸ். வண்டியில் வந்த ஒருவர் மட்டும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஏக்கா, இது அந்த வெச மீனா?"

நான் வாய் திறப்பதற்குள் தங்கமாரி அக்கா சொன்னார்: "அந்த மீனுதான். டெஸ்ட் பண்ணிட்டாக. சதையைத் தின்னலாம். ஈரலும் குடலும் ஆகாது, நான் இங்கயே எடுத்துட்டுத்தான் தருவேன். மேக்குக் கரையில வலை போடல. வேணும்னா வாங்கு, வேணாம்னா வண்டிய எடு."

அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். "எல்லாரும் நல்ல மீனு நல்ல மீனுன்னுதான் விப்பாக. ஆகாததைச் சொல்லி விக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, கூடையை இறக்கி வைத்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒரு எட்டு முன்னே வந்தார்கள். கருப்பையா அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் கெண்டையின் வயிற்றைக் கீறினார்.